எந்தக் கிழமை, எந்த இடம்? கல்லூரிச் சேவை அமைப்புகள் ஆள் சேர்க்கும் விதம் பற்றி

கோவையிலிருந்து சத்தியமங்கலம் போகும் சாலையில் கணபதியைத் தாண்டினால் கல்லூரிப் பெயர்ப்பலகைகள் வரிசையாக வரத் தொடங்கும். சின்னவேடம்பட்டியில் குமரகுரு பொறியியல் கல்லூரி 1984இல் தொடங்கியது. அதன் பிறகு சங்கரா, கே.ஜி.ஐ.எஸ்.எல்., சற்றுத் தள்ளி எஸ்.என்.எஸ். என்று ஒவ்வொன்றாக வந்து சேர, கீரணத்தம் பக்கம் மென்பொருள் வளாகங்களும் எழுந்தன. 2011இல் இந்தப் பகுதியின் சரவணம்பட்டி கோவை மாநகராட்சியோடு இணைந்தபோது அது ஏற்கெனவே மாணவர் ஊராகியிருந்தது. இந்தப் பகுதியின் எந்தக் கல்லூரிக்குள் போனாலும் சேவைக்கென்று அரை டஜன் அமைப்புகளைக் காணலாம்: நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை, இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம், செஞ்சுருள் சங்கம், ரோட்டராக்ட், லியோ. இவற்றோடு ஐ.எஸ்.டி.இ., ஐ.இ.இ.இ. போன்ற தொழில்முறைச் சங்கங்களின் மாணவர் சேப்டர்களும் ஆளுக்கொரு சேவை நிகழ்ச்சி நடத்துகின்றன. முதலாண்டு மாணவர்கள் உள்ளே வந்த சில வாரங்களில் எல்லா அமைப்புகளும் மேசை போட்டு, கூகுள் படிவம் அனுப்பி, வாட்ஸ்அப் குழு தொடங்கி ஆள் சேர்க்கின்றன. ஆண்டு முடிவில் அறிக்கை வருகிறது. இத்தனை மரக்கன்று, இத்தனை யூனிட் ரத்தம், இத்தனை விழிப்புணர்வுப் பேரணி. இவ்வளவு பேர் இவ்வளவு ஆண்டுகள் உழைத்தும் கல்லூரிச் சுவருக்கு வெளியே மாற்றம் ஏன் இவ்வளவு குறைவாகத் தெரிகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. மாணவர்களுக்கு அக்கறை இல்லை என்பது சோம்பேறித்தனமான பதில். ஆள் சேர்க்கும் அந்த முதல் வாரத்தில் அவர்களிடம் நாம் என்ன கேட்கிறோம் என்பதில்தான் கோளாறு தொடங்குகிறது என்பது என் வாதம்.

ஒப்புநோக்க அமெரிக்கக் கல்லூரிகளைக் கொஞ்சம் பார்க்கலாம். அங்கே மாணவர் சகோதரக் கழகங்களின் மரபு 1776இல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தொடங்கிய பை பீட்டா கப்பா வரை பின்னோக்கிப் போகிறது. கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூடும் வழக்கமும் அங்கிருந்து வந்ததே. பிற்காலத்தில் பெருகிய கழகங்களில் பலவற்றில் உறவுதான் முதல் நோக்கம். ஒரே வீட்டில் தங்குவது, ஆயுள் முழுதும் ஒருவரையொருவர் கைதூக்கிவிடுவது, இடையில் நன்கொடை திரட்டுவது என்று அவற்றின் வாழ்க்கை அமைந்தது. இதைத் தலைகீழாக்கிப் பார்த்த கழகம் ஒன்றும் உண்டு. 1925 டிசம்பரில் பென்சில்வேனியாவின் லாஃபயட் கல்லூரியில் சாரணர் இயக்கப் பின்னணி கொண்ட மாணவர்கள் ஆல்ஃபா ஃபை ஒமேகா என்ற சேவைக் கழகத்தைத் தொடங்கினார்கள். அங்கே சேவைதான் நுழைவாயில். நட்பு அதன் விளைவு. பின்னாளில் பிலிப்பைன்ஸ் வரை பரவி இன்றும் அது இயங்குகிறது. ஆள் சேர்ப்பதை அமெரிக்கக் கழகங்கள் ஆண்டின் மிகப் பெரிய வேலையாக நடத்துகின்றன. வருபவர் யார், அவரிடம் எதை எதிர்பார்க்கிறோம் என்று பல வாரங்கள் பேசுகின்றன. அந்தத் தீவிரத்தின் இருண்ட பக்கத்துக்குப் பின்னர் வருகிறேன். நம்மூரில் இந்தக் கேள்வியையே யாரும் கேட்பதில்லை என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம்.

ஒரு காலத்தில் நாமும் கேட்டிருக்கிறோம். சுதந்திரத்துக்குப் பிறகு மாணவர் சேவை பற்றி நடந்த விவாதம் முழுவதும் ஆள் சேர்ப்பைப் பற்றியதுதான். ராதாகிருஷ்ணன் தலைமையிலான கல்விக் குழு, மாணவர்கள் விருப்பத்தின் பேரில் தேச சேவையில் ஈடுபட வழி செய்ய வேண்டும் என்றது. 1959இல் சி.டி. தேஷ்முக் தலைமையிலான குழு அதற்கு நேர்மாறாக, கட்டாய சேவை வேண்டும் என்று பரிந்துரைத்தது. எந்த வழி சரி என்று அறிய, கே.ஜி. சையிதைன் பல நாடுகளின் அனுபவத்தை ஆராய்ந்து, விருப்பத்தின் பேரிலேயே தொடங்கலாம் என்று அறிக்கை தந்தார். பின்னர் வந்த கோத்தாரி கல்விக் குழுவும் சேவையைக் கல்வியின் எல்லா நிலைகளோடும் இணைக்கச் சொன்னது. இவ்வளவு யோசனைக்குப் பிறகு, காந்தி நூற்றாண்டான 1969இல் செப்டம்பர் 24ஆம் நாள், அன்றைய மத்திய கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். இன்று அதில் ஏறத்தாழ 40 லட்சம் பேர் இருக்கிறார்கள். அதன் விதிமுறைகளைப் படித்தால், வகுத்தவர்கள் எவ்வளவு நிதானமாகச் சிந்தித்திருக்கிறார்கள் என்பது புரியும். ஆண்டுக்கு 120 மணி நேரம் என இரண்டாண்டில் 240 மணி நேரம். ஆண்டின் 120இல் 20 மணி நேரம் அறிமுகப் பயிற்சி. வளாகத்துக்குள் செய்யும் வேலை 30 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மீதி 70 மணி நேரம் தத்தெடுத்த கிராமத்திலோ நகரக் குடிசைப் பகுதியிலோ போக வேண்டும். இவை போக ஏழு நாள் சிறப்பு முகாம். ஒரு திட்ட அலுவலருக்கு 100 மாணவர். அந்த 70 மணி நேரம்தான் திட்டத்தின் உயிர். ஆண்டுக்கு முப்பத்தைந்து சனிக்கிழமை, ஒவ்வொன்றிலும் இரண்டு மணி நேரம், ஒரே ஊர் என்று வைத்துக்கொண்டால், அந்த ஊர்ப் பிள்ளைகளின் பெயர்கள் மாணவருக்கும் மாணவரின் பெயர் அந்த ஊருக்கும் பழகிவிடும்.

நடைமுறையில் அந்த 70 மணி நேரத்துக்கு என்ன ஆனது? மூன்று பக்கமிருந்து அழுத்தம் வந்தது. முதலாவது, கட்டாயம். அண்ணா பல்கலைக்கழகத்தின் விதிமுறைகள், சேரும் ஒவ்வொரு பொறியியல் மாணவரும் மாணவர் படை, நலப்பணித் திட்டம், விளையாட்டு அமைப்பு, இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம் ஆகியவற்றுள் ஒன்றில் பெயர் பதிந்து, சுமார் 80 மணி நேரப் பயிற்சியும் சுமார் ஏழு நாள் முகாமும் முடிக்க வேண்டும் என்று விதித்தன. நோக்கம் நல்லது. ஆனால் மாணவர் கணக்கு ஆயிரத்தைத் தொடும் கல்லூரியில் எல்லோரையும் எங்கே அனுப்புவது? வளாகத்தைக் கூட்டுவதும் அரங்கில் உட்கார்ந்து உரை கேட்பதும் சேவைக் கணக்கில் சேர்ந்தன. இரண்டாவது, தர மதிப்பீடு. கல்லூரிகளை மதிப்பிடும் நாக் குழு தரம் போடும்போது, ஐந்தாண்டுகளில் எத்தனை விரிவாக்கப் பணிகள் நடந்தன, எத்தனை மாணவர் கலந்துகொண்டனர் என்று கேட்கிறது. இடமும் தேதியும் பதிந்த புகைப்படங்களைச் சான்றாகக் கேட்கிறது. எண்ணிக்கை கேட்டால் எண்ணிக்கைதான் கிடைக்கும். ஒரே பள்ளிக்கு முப்பது வாரம் போனால் அது அறிக்கையில் ஒற்றை வரி. முப்பது இடங்களில் முப்பது நாள் பேனர் பிடித்தால் முப்பது வரி. மூன்றாவது, வேலைவாய்ப்பு. தனியார் கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் மாணவர் பேரவைத் தேர்தல் என்பதே இல்லாததால், ஒரு மாணவர் பொறுப்பு வகித்ததாகத் தன்விவரக் குறிப்பில் எழுதிக்கொள்ள சேவை அமைப்பின் தலைவர், செயலாளர் பதவிகளே மிஞ்சுகின்றன. ஆகவே பதவிகள் பெருகுகின்றன, பதவியேற்பு விழா பெரிதாகிறது, வேலை சிறுத்துப்போகிறது. ஆள் சேர்க்கும் மேசையில் கேட்கும் வாசகங்களும் அதற்கேற்பவே இருக்கின்றன: சர்டிஃபிகேட் உண்டு, வகுப்புக்கு வராவிட்டாலும் வருகை கிடைக்கும் ஓ.டி. உண்டு, இன்டர்வியூவில் பேச உதவும். இப்படி அழைக்கப்பட்டு வந்தவர் சான்றிதழ் கைக்கு வந்ததும் விலகினால் அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. எதற்கு அழைத்தோமோ அதைப் பெற்றுக்கொண்டு போகிறார்.

இதன் விளைவை ரத்ததான முகாமில் கண்கூடாகக் காணலாம். எல்லாக் கல்லூரி அமைப்பும் பெருமையோடு செய்யும் பணி இது, பெருமைப்படத் தக்கதும்கூட. அக்டோபர் 1 தேசியத் தன்னார்வ ரத்ததான நாள் என்பதால் அன்றும் அதையொட்டியும் முகாம்கள் குவிகின்றன. ஆனால் ரத்தத்துக்குத் தனிக் கணக்கு உண்டு. பிரித்தெடுத்த சிவப்பணுக்களை 35 முதல் 42 நாள் வரைதான் வைத்திருக்க முடியும். தட்டணுக்களின் ஆயுள் ஐந்தே நாள். கொடுத்த ஆண் மூன்று மாதத்துக்கும் பெண் நான்கு மாதத்துக்கும் மறுபடி கொடுக்கக் கூடாது. ஒரு கல்லூரியில் தகுதியுள்ள 260 ஆண் மாணவர்கள் ஒரே நாளில் கொடுத்துவிட்டால், மேடையில் எண்ணை அறிவிக்கலாம், கேடயமும் வாங்கலாம். ஆனால் அந்த 260 பேரும் அக்டோபர் தொடங்கி டிசம்பர் முடியும்வரை ஒரு சொட்டுக்கூடக் கொடுக்க முடியாதவர்கள் ஆகிறார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலமும் டெங்குக் காய்ச்சல் காலமும் அதுதான். தட்டணுக்கள் கேட்டு உறவினர்கள் மருத்துவமனை வாசலில் அலைபேசியோடு நிற்பதும் அப்போதுதான். அதே 260 பேரை வாரத்துக்கு 20 பேராகப் பிரித்தால் பதின்மூன்று வாரம் ஓடும். பதின்மூன்றாவது வாரம் முடியும்போது முதல் 20 பேருக்கு மூன்று மாத இடைவெளி நிறைந்திருக்கும். ஆண்டு முழுதும் ஒவ்வொரு வாரமும் ஒரு ரத்த வங்கிக்கு 20 பேர். இதற்குத் தேவைப்படுவது ஒரு பதிவேடும், அதைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளும் நான்கைந்து மாணவரும்தான். பந்தலும் வேண்டாம், சிறப்பு விருந்தினரும் வேண்டாம். படம் எடுக்கப் பெரிய கூட்டமும் இராது என்பதாலேயே இதைச் செய்பவர்கள் குறைவு.

நீர்நிலைப் பணியிலும் இதே நிலைதான். சரவணம்பட்டிக்குப் பக்கத்திலேயே, சுமார் 200 ஏக்கர் பரப்புள்ள சின்னவேடம்பட்டி ஏரி பல்லாண்டுகள் வறண்டு, சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. அதை மீட்கும் வேலையைக் கௌசிகா நீர்க்கரங்கள் என்ற தன்னார்வ அமைப்பு கையில் எடுத்து, விடுமுறை நாட்களில் ஆட்களைக் கூட்டி வாய்க்கால் சீர் செய்வது, மரம் நடுவது, நட்டதற்குத் தண்ணீர் ஊற்றுவது என்று தொடர்ந்து செய்துவந்தது. நகரின் மறுபக்கம், கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பினர் ஞாயிறுதோறும் களத்தில் இறங்கும் வழக்கத்தால்தான் பேரூர்ப் பெரியகுளத்திலும் வெள்ளலூர்க் குளத்திலும் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் வந்தது. வெள்ளலூர்க் கரையில் அடர்காடு வளர்த்து, அங்கே வரும் வண்ணத்துப்பூச்சிகளைக் கணக்கெடுக்கும் அளவுக்கு வேலை ஆழமாயிற்று. 2003இல் தொடங்கிய சிறுதுளி நொய்யலையும் குளங்களையும் இருபதாண்டுக்கு மேலாக விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறது. இந்த அமைப்புகளின் வேலையில் கல்லூரி மாணவர்கள் பேருந்து பேருந்தாக வந்து கலந்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு நாள் வந்த நூறு பேரைவிட, விடாமல் வந்த பத்துப் பேரால்தான் குளம் பிழைத்திருக்கிறது. நடும் நாளன்று மரக்கன்றுக்கு ஆள் பஞ்சமே இல்லை. மார்ச், ஏப்ரல், மே மாதங்களில், தேர்வும் விடுமுறையும் வரும்போது, குடம் தூக்க ஆள் வேண்டும். கொங்கு மண்ணின் வெயிலில் முதல் கோடையைத் தாண்டிய கன்றுதான் மரமாகும். இது இங்குள்ள விவசாயக் குடும்பத்துப் பிள்ளை எவருக்கும் தெரியும். ஆனால் சேவைக்கு ஆள் எடுக்கும்போது கோடையில் யார் இங்கே இருப்பீர்கள் என்று யாரும் கேட்பதில்லை.

வேலையைப் பெயர் சொல்லி, நேரம் சொல்லி, இடம் சொல்லி அழைத்தால் ஆள் வருவார்களா என்ற சந்தேகத்துக்குப் பதில் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 2014இல் கோவையில் இளைஞர்கள் தொடங்கிய நோ ஃபுட் வேஸ்ட் அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாண மண்டபங்களில் மிஞ்சும் சாப்பாட்டை எடுத்துப்போய்ப் பசித்தவருக்குக் கொடுப்பது என்ற ஒரே வேலையைத்தான் அது கையில் எடுத்தது. முகூர்த்த நாளில் எந்த மண்டபத்திலிருந்து அழைப்பு வரும், வண்டி எங்கே, யார் எந்த நேரத்துக்குப் போவது என்று வேலையின் வரம்பு தெளிவாக இருந்ததால், அது கோவையைத் தாண்டிப் பல ஊர்களுக்குப் பரவியது. பெரிய அளவில் இன்னொரு சான்று, கொரோனா ஊரடங்கில் விடுபட்ட படிப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் மரக்காணம் வட்டாரத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி. மாலையில் ஒன்றரை மணி நேரம் போல, தன் தெருவிலேயே, சுமார் இருபது பிள்ளைகள். யார் நடத்துவது என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழு பார்த்துத் தேர்ந்தெடுத்தது. ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலோர் பெண்கள், இந்த அழைப்புக்கு முன்வந்தார்கள். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காகக் கோவை வ.உ.சி. மைதானத்தில் கூடிய மாணவர்களுக்கு யாரும் வருகைப்பதிவு போடவில்லை. அந்தப் போராட்டத்தைப் பற்றி எவர் என்ன கருத்துக் கொண்டாலும், சான்றிதழ் இல்லாமல் இந்தத் தலைமுறை அசையாது என்று இனி சொல்ல முடியாது.

என் வாதத்துக்கு எதிராக எழும் கேள்விகள் லேசானவை இல்லை. கட்டாயத்தால் நன்மையே இல்லையா என்பது முதல் கேள்வி. பெயருக்காவது ஏழு நாள் ஒரு கிராமத்தில் தங்கும் மாணவர், தங்காதவரைவிட ஏதோ கற்கிறார் என்பது உண்மை. கோவையிலேயே இதற்கு வலுவான உதாரணம் உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இளநிலை வேளாண் மாணவர்கள் இறுதியாண்டில் கிராமத்துக்குப் போய் விவசாயிகளோடு இருந்து பயிலும் ஊரக வேளாண் பணி அனுபவம் பாடத்திட்டத்தின் கட்டாயப் பகுதி, மதிப்பெண்ணும் உண்டு. அது பயனுள்ளதாகவே நடக்கிறது. அப்படியானால் கட்டாயத்தை ஏன் பழிக்க வேண்டும்? இந்த உதாரணத்தைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் பதில் கிடைக்கும். அங்கே மாணவருக்கு ஒரு வட்டாரம் ஒதுக்கப்படுகிறது. வாரக்கணக்கில் அங்கேயே இருக்கிறார். மண் பரிசோதனையோ விதை நேர்த்தியோ, விவசாயிக்குச் சொல்லிக்கொடுக்கத் தன்னிடம் ஒரு வித்தை இருக்கிறது. விவசாயியிடம் கற்கவும் இருக்கிறது. திண்டுக்கல் பக்கம் காந்திகிராமப் பல்கலைக்கழகம் தன் மாணவர்களைக் கிராமங்களில் தங்க வைத்துப் பணி செய்யச் சொல்லும் வழக்கமும் இதே வகைதான். ஆக, கட்டாயமா விருப்பமா என்ற அறுபதாண்டு விவாதத்தைவிட, இடமும் வேலையும் காலமும் தீர்மானமானவையா என்ற கேள்வி முக்கியம் என்று நான் நினைக்கிறேன். ஆயிரம் பேருக்கு அப்படித் தீர்மானித்துக் கொடுக்க ஒரு கல்லூரியால் முடியுமென்றால் கட்டாயமே இருக்கட்டும். முடியாதென்றால் நூறு பேரை மட்டும் எடுப்பதுதான் நேர்மை.

இரண்டாவது கேள்வி சமூக நீதி சார்ந்தது. என்னை அதிகம் யோசிக்க வைத்ததும் அதுதான். சான்றிதழையும் மதிப்பெண்ணையும் எடுத்துவிட்டால் சேவைக்கு யார் வருவார்கள்? வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள். வகுப்பு முடிந்ததும் உணவு டெலிவரிக்கோ துணிக்கடைக்கோ வேலைக்குப் போகும் மாணவருக்கு வாரம் இரண்டு மணி நேரம் என்பது கூலி இழப்பு. பேருந்தில் ஒன்றரை மணி நேரம் பயணித்து அன்னூரிலிருந்தும் அவிநாசியிலிருந்தும் வருபவருக்கு மாலை நேரமே கிடையாது. தன் வம்சத்தில் முதலாவதாகக் கல்லூரிக்குள் நுழைந்த பெண்ணுக்கு அந்தச் சான்றிதழ் ஒரு வேலைக்கான வழியாக இருக்கலாம். இதையெல்லாம் மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. அதனால் சான்றிதழை ஒழிக்கச் சொல்லவில்லை. அது வேலை முடிந்தபின் தரும் அத்தாட்சியாக இருக்கட்டும். அழைக்கும்போது காட்டும் தூண்டிலாக வேண்டாம். ஏழை மாணவருக்குப் பயணச் செலவும் சாப்பாடும் கொடுப்பது பிச்சையும் அல்ல, சேவையைக் கெடுப்பதும் அல்ல. இல்லம் தேடிக் கல்வியில் மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்ததால் அந்தப் பெண்களின் உழைப்பின் மதிப்பு குறைந்துபோகவில்லை. இதற்கு மாறாக, நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமுக்கு ஒரு மாணவருக்குப் பல ஆண்டுகள் ஒதுக்கப்பட்டிருந்த தொகை 450 ரூபாய். நாளுக்கு 65 ரூபாய்கூட வரவில்லை. சாப்பாடு, போக்குவரத்து, தங்குமிடம் எல்லாம் அதற்குள். மிச்சத்தைத் திட்ட அலுவலரான ஆசிரியர் யாரிடமாவது கேட்டு வாங்கியோ கைக்காசு போட்டோ சமாளித்தார். 40 லட்சம் இளைஞர்களைக் கொண்ட திட்டத்தை இவ்வளவு மலிவாக நடத்திவிட்டு, பலன் ஏன் மெலிந்தது என்று கேட்பதில் நியாயமில்லை.

மூன்றாவது கேள்வி பயத்தைப் பற்றியது. குறைவான பேரைத் தேர்ந்தெடுத்து, இறுக்கமான குழுவாக ஆக்கினால், அது அமெரிக்கக் கழகங்களின் பாதையில் போய்விடாதா? அங்கே நெடுங்காலம் பல கழகங்கள் நிறமும் மதமும் பார்த்தே ஆள் எடுத்தன. புதியவரைச் சோதிக்கிறோம் என்று செய்த கொடுமைகளில் உயிர்கள் போயின. அந்தக் கொடுமைகளைக் கல்லூரிகள் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் அந்த நாட்டில் மத்தியச் சட்டமே வந்தது. நமக்கு அந்தப் பாடம் அமெரிக்காவிலிருந்து வர வேண்டியதில்லை. 1996இல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்ட பிறகுதான் 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2023 நவம்பரில்கூட கோவைக் கல்லூரி ஒன்றின் விடுதியில் முதலாண்டு மாணவரை மொட்டையடித்துத் துன்புறுத்தியதாகச் சீனியர்கள் கைதானார்கள். அதோடு, இது கொங்கு நாடு. சாதி பார்த்துச் சேரும் பழக்கம் கல்லூரி வாசலில் செருப்போடு கழற்றிவைக்கப்படுவதில்லை. ஊரில் இருக்கும் சங்கத்தின் நிழல் விடுதி அறை வரை நீள்கிறது. சீனியர்கள் தமக்குத் தெரிந்தவரை, தம் ஊர்க்காரரை, தம் ஆளை எடுக்கும் அமைப்பு எவ்வளவு நல்ல பெயர் வைத்துக்கொண்டாலும் அது சேவை அமைப்பு ஆகாது.

இந்தப் பயத்துக்கு மருந்து, பெரிய கூட்டத்தில் எல்லோரையும் கரைத்துவிடுவது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆயிரம் பேர் பெயர் கொடுக்கும் அமைப்பில்தான் உண்மையான வேலையும் பதவியும் நாலைந்து நண்பர்களின் கைக்குள் சத்தமில்லாமல் போய்ச் சேருகின்றன, கேட்க ஆளில்லை. தேர்வு வெளிப்படையாக நடந்தால், இன்ன வேலை, இன்ன நாள், இத்தனை பேர் தேவை என்று பலகையில் எழுதிப் போட்டால், விண்ணப்பித்தவரில் யார் ஏன் எடுக்கப்பட்டார் என்று ஆசிரியர் சொல்லக் கடமைப்பட்டிருந்தால், பாகுபாட்டை மறைக்க இடம் குறையும். நன்றாக நடக்கும் முகாமே சாதிக்கு நல்ல மருந்து. ஏழு நாள் ஒரே கூடத்தில் பாய் விரித்துப் படுப்பது, ஒரே அடுப்பில் பொங்கியதைச் சாப்பிடுவது, முறை போட்டுப் பாத்திரம் துலக்குவது, கழிப்பறை கழுவுவது ஆகியவற்றை எந்த வகுப்பறையும் தர முடியாது. 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் சாதிவெறியால் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில், எல்லாச் சமூகப் பிள்ளைகளும் சேர்ந்த சமூக நீதி மாணவர் படை ஒன்றை உருவாக்கச் சொன்னது. சேர்ந்து உழைப்பதன் வலிமையை அந்தக் குழு உணர்ந்திருக்கிறது. கல்லூரிகளில் அதற்கான அமைப்பு 1969இலிருந்தே நம் கையில் இருக்கிறது.

சேர்ந்தவர்கள் நிலைக்க வேண்டுமானால் இன்னொரு முடிச்சையும் அவிழ்க்க வேண்டும். ரோட்டராக்டில் ஜூலை 1ஆம் தேதி புது ஆண்டு, புதுத் தலைவர், புது முழக்கம். மற்ற அமைப்புகளிலும் பொறுப்பாளர்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறார்கள். போன ஆண்டுத் தலைவர் தொடங்கிய வேலையைத் தொடர்ந்தால் தன் பெயர் எங்கே நிற்கும் என்று புதியவர் நினைப்பது மனித இயல்பு. அதனால் ஒவ்வோர் ஆண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரை முன்னதாகவே துணைப் பொறுப்பில் வைத்து, வேலையை ஒப்படைத்த பிறகே பழையவர் விலகலாம் என்ற எளிய விதி இதைச் சரிசெய்யும். பதிவேடு, தொடர்பு எண்கள், நிறைவேற்றாத வாக்குறுதிகள் எல்லாம் கைமாற வேண்டும். சரவணம்பட்டிக்கு இதில் தனி வசதி ஒன்று உண்டு. படித்து முடித்தவர்கள் பலர் வேலைக்கும் இங்கேயே, கல்லூரிக்குச் சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் மென்பொருள் நிறுவனங்களுக்கே வருகிறார்கள். ரோட்டராக்டின் மேல் வயது வரம்பு 2020இல் நீக்கப்பட்டுவிட்டது. வேலைக்குப் போய்விட்ட பழைய மாணவர் மாதம் ஒரு ஞாயிறு வந்தால்கூட, பத்தாண்டு நினைவு ஓர் அமைப்புக்குக் கிடைக்கும். இப்போது அவர்களை ஆண்டு விழா மேடைக்கு மட்டுமே அழைக்கிறோம்.

எங்கே வேலை செய்வது என்பதிலும் பார்வை மாற வேண்டும். முகாமென்றால் முப்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமம் என்பது வழக்கமாகிவிட்டது. விதிமுறையோ நகரக் குடிசைப் பகுதியையும் சேர்த்தே சொல்கிறது. சரவணம்பட்டியைச் சுற்றிக் கட்டடம் எழும் இடமெல்லாம் தகரக் கொட்டகைகளில் வட மாநிலத் தொழிலாளர் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, தடுப்பூசி, ரேஷன், தமிழ் எழுத்து என்று எத்தனையோ தேவைகள். கல்லூரிச் சுவரிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருப்பதால் பேருந்தும் வேண்டாம், தங்கும் செலவும் வேண்டாம். மாலை ஐந்து மணிக்குப் போய் ஏழு மணிக்குத் திரும்பலாம். இந்தி தெரிந்த மாணவர், மருந்தியல் படிக்கும் மாணவர், கணினியில் விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த மாணவர் என்று அவரவர் கையிலிருக்கும் திறமையே அங்கே வேலையாகும்.

இதையெல்லாம் நடத்த அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டாம். திட்ட அலுவலர்களும் மாணவப் பொறுப்பாளர்களும் இந்த ஆண்டு அனுப்பப்போகும் படிவத்தில், பெயருக்கும் துறைக்கும் அடுத்தபடியாக இரண்டு கேள்விகளைச் சேருங்கள். வாரத்தில் எந்தக் கிழமை உங்களால் தவறாமல் வர முடியும்? கீழே எழுதியுள்ள நான்கு இடங்களில், இரண்டாண்டுக்கு எந்த இடத்தை ஏற்றுக்கொள்கிறீர்கள்? அந்த நான்கு இடங்களை முன்கூட்டியே போய்ப் பார்த்து, அங்குள்ளவர்களிடம் என்ன தேவை என்று கேட்டு எழுதுங்கள். ஆயிரத்துக்கு நூறு பேர்தான் பதில் எழுதுவார்கள். அந்த நூறு பேரோடு தொடங்குங்கள்.